குவாரிக்குள்ள இறங்குற ரிமோட் வண்டிக்கு எந்த வீடியோ லிங்க்?

வந்திருக்கிற கேள்விகள்ல ஒண்ணே ஒண்ணை மட்டும் இன்னைக்கு எடுத்துக்கிறேன். சாலவாக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். நாலு சக்கரத்துல, முன்னாடி கேமரா வெச்ச ஒரு ரிமோட் வண்டி செஞ்சிருக்காராம். "அண்ணா, ஒரு கிலோமீட்டர் வரைக்கும் படம் அறுபடாம வரணும். பத்து கிலோமீட்டர் போகும்னு போட்ட செட் ஒண்ணு ஆன்லைன்ல பார்த்தேன், வாங்கலாமா?" இதுதான் கேள்வி.

எதுக்கு வண்டின்னு கேட்டேன். கல்குவாரிக்குன்னார். உத்திரமேரூர் வட்டத்துல சாலவாக்கம் பக்கம் போயிருக்கிறவங்களுக்குத் தெரியும், அங்க குவாரிகள் நிறைய. 2021 பிப்ரவரியில பக்கத்து மதூர்ல ஒரு குவாரியில சரிவு ஏற்பட்டு உயிரிழப்பு நடந்தது. வெடி வெச்ச பிறகும், நல்ல மழை பெஞ்ச பிறகும், மேல ஏதாவது கல்லு பிடிப்பு விட்டு நிக்குதான்னு பார்க்க ஒரு மனுஷன்தான் கீழ இறங்க வேண்டியிருக்கு. ஆள் இறங்குறதுக்கு முன்னாடி வண்டி இறங்கட்டும்ங்கிறது தம்பியோட யோசனை. நல்ல யோசனை. ஆனா படம் பாதியில நின்னுட்டா வண்டியை எடுக்க ஒரு ஆள் அதே பாறைக்குக் கீழ போவான். அதனால இந்த லிங்க் விஷயத்துல கவனமா இருக்கணும்.

முதல்ல அந்த பத்து கிலோமீட்டர். அது பொய்யா இருக்கணும்னு இல்ல. ஆனா அது வானத்துல பறக்குற ட்ரோனுக்கான கணக்கு. நூறு மீட்டர் உயரத்துல இருக்கிற ட்ரோனுக்கும் உங்க கையில இருக்கிற ரிசீவருக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. தரையில ஓடுற வண்டியோட ஆன்டெனா அரை மீட்டர் உயரத்துல இருக்கு. அதே செட் இங்க நூறு, இருநூறு மீட்டர்லயே தடுமாறலாம்.

காரணம் இதுதான். ரேடியோ அலை நூல் பிடிச்ச மாதிரி ஒரே கோட்டுல மட்டும் போறதில்ல. அந்தக் கோட்டைச் சுத்தி, நடுவுல பருத்து ரெண்டு முனையிலும் ஒடுங்கின ஒரு பகுதியும் காலியா இருக்கணும். இதுக்கு ஃப்ரெனல் மண்டலம்னு பேரு. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு நடுப்பகுதியில அதோட ஆரம் சுமார் 5.6 மீட்டர். அதுல 60 சதவீதம், அதாவது 3.3 மீட்டராவது தரையோ பாறையோ தொடாம இருக்கணும். வண்டியில அரை மீட்டர், கையில ஒன்றரை மீட்டர்னா நடுவுல கோடு ஒரு மீட்டர் உயரத்துலதான் போகுது. போதாது.

சரி, பவரை ஏத்திடலாமேன்னு தோணும். வெட்டவெளியில, நல்ல உயரத்துல, தூரம் ரெண்டு மடங்கு ஆகணும்னா பவர் நாலு மடங்கு வேணும். தரையை ஒட்டிப் போகும்போது தரையில பட்டுத் திரும்புற அலை நேர் அலையை அடிச்சுடும். அப்போ ரெண்டு மடங்கு தூரத்துக்கு ஏறக்குறைய 16 மடங்கு பவர் வேணும். இதே கணக்கைத் திருப்பிப் பாருங்க. ரிசீவர் ஆன்டெனாவை ஒன்றரை மீட்டர்ல இருந்து ஆறு மீட்டருக்கு ஏத்தினா, கிட்டத்தட்ட 16 மடங்கு பவர் ஏத்தின பலன். ஆறு மீட்டர்னா என்ன? கடையில கிடைக்கிற 20 அடி ஜிஐ பைப் ஒண்ணு. வண்டியிலயும் ஒரு மீட்டர் குச்சி நட்டு ஆன்டெனாவை அதன் உச்சியில கட்டினா, நடுக்கோடு மூன்றரை மீட்டர் உயரத்துக்கு வந்துடும். நமக்கு வேண்டியது 3.3.

பவரை இஷ்டத்துக்கு ஏத்தவும் முடியாது. நம்ம நாட்டுல 2.4 கிகாஹெர்ட்ஸ் லைசென்ஸ் இல்லாம பயன்படுத்தலாம். டிரான்ஸ்மிட்டர் பவர் 1 வாட், ஆன்டெனா பலத்தையும் சேர்த்து 4 வாட்தான் வரம்பு. 5.8 கிகாஹெர்ட்ஸ், அதாவது 5725ல இருந்து 5875 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், அதுவும் லைசென்ஸ் விலக்குல இருக்கு. ஆனா 915 மெகாஹெர்ட்ஸ்னு போட்டு விக்கிற செட் அமெரிக்காவுக்கானது. அங்க 902 முதல் 928 வரை பொதுவான அலைவரிசை. இங்க 915க்குக் கீழ செல்போன்கள் டவருக்குப் பேசுற அலைவரிசை இருக்கு. அந்த செட்டைப் போட்டா ஊர்ல நாலு பேரோட போன் கெடும், சட்டப்படியும் தப்பு. 1.2, 1.3 கிகாஹெர்ட்ஸ் வீடியோ செட்டும் லைசென்ஸ் இல்லாம தொடக்கூடாது. 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் நமக்கு அனுமதி உண்டு, ஆனா ஒரு கேரியருக்கு 200 கிலோஹெர்ட்ஸ் அகலம்தான். வீடியோ அதுல நுழையாது. வண்டியை ஓட்டுற கட்டளை தாராளமா நுழையும்.

இதுல ஒரு நல்ல வழி இருக்கு. படத்தையும் ஸ்டியரிங்கையும் ஒரே லிங்க்ல கட்டாதீங்க. படம் 5.8 அல்லது 2.4ல வரட்டும். கட்டளை 865ல லோரா மாதிரி குறுகின சிக்னல்ல போகட்டும். அது குறைஞ்ச சிக்னல்லயும் தாக்குப்பிடிக்கும். படம் போனாலும் வண்டி உங்க பேச்சைக் கேட்கும்.

அடுத்தது, எந்த வகை வீடியோ. இதைத் தேர்ந்தெடுக்க நான் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: சிக்னல் குறையும்போது இது எப்படிச் சாகும்?

பழைய அனலாக் 5.8 செட் கொஞ்சம் கொஞ்சமாச் சாகும். முதல்ல புள்ளி புள்ளியா வரும், நீங்க வண்டியைத் திருப்ப நேரம் கிடைக்கும். தாமதமும் ரொம்பக் குறைவு. ஆனா பாறையில விரிசல் தெரியற அளவுக்குப் படம் துல்லியமா இருக்காது. சுத்தி கல் சுவர் இருக்கிற இடத்துல அலை எதிரொலிச்சு படம் கிழியும்.

வீட்டு வைஃபை மாதிரியான லிங்க்ல படம் நல்லா இருக்கும். ஆனா ரெண்டு பக்கமும் கைகுலுக்கிட்டே இருக்கணும். விட்டுப் போச்சுன்னா மறுபடி சேர சில நொடிகள் ஆகும். அந்த நேரம் திரையில உறைஞ்ச படம்தான் நிக்கும், வண்டி ஓடிட்டு இருக்கும்.

இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதுதான் வைஃபைபிராட்காஸ்ட் முறை. டபிள்யூஎஃப்பி-என்ஜின்னு திறந்த மென்பொருளாவே கிடைக்குது. சாதாரண யூஎஸ்பி வைஃபை அடாப்டரை, யார்கிட்டயும் இணையாம, ரேடியோ நிலையம் மாதிரி ஒருபக்கமா ஒலிபரப்ப வைக்கும். கொஞ்சம் உபரித் தகவலையும் சேர்த்து அனுப்புறதால, சில பாக்கெட் தொலைஞ்சாலும் படத்தை மீட்டுடும். ராஸ்பெரி பையில ஓடும். ரிசீவர் பக்கம் ரெண்டு மூணு அடாப்டர் போட்டு, எதுல நல்லா வருதோ அதை எடுத்துக்கலாம். தம்பி கேட்ட வேலைக்கு என் ஓட்டு இதுக்குத்தான்.

4ஜி சிம் போட்டா போதாதான்னு சிலர் கேட்பீங்க. டவர் நல்லா எடுக்கிற இடத்துல அது தூரத்தையே மறக்கடிச்சுடும். ஆனா குவாரிக் குழி அடியில உங்க போன்ல அப்லோடு வேகத்தை ஒரு தடவை பார்த்துட்டு வந்து பேசுங்க. தாமதத்தையும் கணக்குல எடுங்க. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி, அரை நொடி தாமதத்துல சுமார் 1.4 மீட்டர் குருடா ஓடும்.

குழியோட பெரிய சிக்கல், உச்சி விளிம்பு மறைக்கிறது. ஆள் தள்ளி நின்னா குழி அடியும் ஆளும் ஒருத்தரையொருத்தர் பார்க்கவே முடியாது. எந்த லிங்க் வாங்கினாலும் இது தீராது. நடுவுல ஒரு ஆள் வேணும்.

இதுக்கு நல்ல உதாரணம் சந்திரயான்-3. 2023 ஆகஸ்ட் 23 அன்னைக்கு நிலவுல இறங்குச்சு. திட்ட இயக்குநர் நம்ம விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். பிரக்யான் ரோவர் பூமியோட நேரடியாப் பேசவே இல்ல. பக்கத்துல இருந்த விக்ரம் லேண்டர்கிட்ட மட்டும் பேசுச்சு. லேண்டர்தான் பூமிக்கு அனுப்புச்சு. சின்ன வண்டிக்குத் தூர பாரத்தை ஏத்தாம, அதைப் பார்க்கிற இடத்துல நிக்கிறவன்கிட்ட ஏத்தினாங்க.

தம்பியும் அதையே செய்யலாம். குழியோட அடி முழுக்கத் தெரியற விளிம்புல, சரியாத கெட்டி இடமாப் பார்த்து, அந்த 20 அடி பைப்பை நடுங்க. ரிசீவர், அதோட அடாப்டர்கள், கட்டளை அனுப்புற ரேடியோ எல்லாம் பைப் உச்சியில. அங்கிருந்து ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் இழுத்து, விளிம்பை விட்டுத் தள்ளி நிழல்ல உட்கார்ந்து ஓட்டுங்க. இப்போ ரேடியோ கடக்க வேண்டியது ஒரு கிலோமீட்டர் இல்ல, பெரும்பாலும் இருநூறு முந்நூறு மீட்டர்தான், அதுவும் நேர் பார்வையில. உக்ரைன் போர்ல ரேடியோவை ஜாம் பண்றாங்கன்னு ட்ரோனுக்கே கிலோமீட்டர் கணக்கா ஃபைபர் கேபிள் கட்டிப் பறக்க விடுறாங்க. கம்பி இழுக்கிறதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல.

வாங்கின பிறகு சோதனை. குவாரிக்குப் போகாதீங்க, முதல்ல ஏரிக்கரையில பண்ணுங்க. டிரான்ஸ்மிட்டர் பவரை கால்வாசியாக் குறைச்சு, வேண்டிய தூரத்துல படம் வருதான்னு பாருங்க. கால்வாசியில வந்தா, முழுப் பவர்ல ஆறு டெசிபல் கைவசம் இருக்குன்னு அர்த்தம். முழுப் பவர்லதான் வருதுன்னா அந்த இடத்துக்கு அந்த லிங்க் போதாது. அப்புறம் வேணும்னே வீடியோ ரேடியோவை அணைங்க, கட்டளை ரேடியோவையும் அணைங்க. எது போனாலும் வண்டி அரை நொடிக்குள்ள நிக்கணும். ட்ரோன் நின்னா விழும், தரை வண்டி நின்னா நிக்கும், அவ்வளவுதான். பின்னாடி ஒரு நைலான் கயிறும் கட்டுங்க. நின்னுபோன வண்டியை மேல இருந்தே இழுத்துக்கலாம், ஆள் இறங்க வேண்டாம்.

கடைசியா ரெண்டு விஷயம், இதை லேசா எடுத்துக்காதீங்க. மின் டெட்டனேட்டர் இருக்கிற இடத்துக்குப் பக்கத்துல ரேடியோ டிரான்ஸ்மிட்டரை ஆன் பண்ணக் கூடாது. வெடி எல்லாம் முடிஞ்சு, குவாரி பொறுப்பாளர் சரின்னு சொன்ன பிறகுதான் வண்டிக்கு பேட்டரியே மாட்டணும். இன்னொண்ணு, கேமராவுல தொங்குற கல் தெரிஞ்சா ஆளை அனுப்பாதீங்க. தெரியலைன்னா பாறை பத்திரம்னு அர்த்தம் இல்ல. உள்ள போகலாமா வேண்டாமான்னு சொல்ற பொறுப்பு அந்தப் பொறுப்பாளருக்குத்தான், உங்க வண்டிக்கு இல்ல.

ஆக தம்பி, பத்து கிலோமீட்டர் செட் வேண்டாம். ரெண்டு மூணு வைஃபை அடாப்டர், ஒரு ராஸ்பெரி பை, ஒரு லோரா ஜோடி, ஒரு பைப், கேபிள், கயிறு. ஏரிக்கரையில சோதனை பண்ணிட்டு என்ன வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.