தொண்டருக்கும் பயிற்சி வேண்டும்

இளைஞர்க்குத் தொண்டு செய்ய நல்ல மனம் இருந்தாற் போதாதா, அதற்குப் பயிற்சி எதற்கு என்று கேட்போர் பலர். ஊர்களிற் காணும் காட்சி ஒன்று இதற்கு விடை கூறும். சனசமூக நிலையத்துக்குப் புதுக் கட்டடம் எழும்புகின்றது. கரப்பந்தாட்ட வலையும் வந்து சேர்கின்றது. விழாவன்று மாலைகளுக்கும் பேச்சுகளுக்கும் குறைவில்லை. மூன்று திங்கள் கழித்துச் சென்று பார்த்தால், முதியவர் இருவர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருப்பர். வலை கிழிந்து தொங்கும். பிள்ளைகளோ சந்தியிலுள்ள மதகில் அமர்ந்திருப்பர். விளையாட்டுப் பொருள்கள் உள்ள அறையின் திறப்பு தொண்டரின் கையில்; அவரோ அன்று ஊரில் இல்லை.

அத்தொண்டர் சோம்பர் அல்லர். பந்து வாங்கியவர் அவர். அணி பிரித்தவரும், நடுவராய் நின்றவரும், கணக்கு எழுதியவரும் அவரே. பிள்ளைகளுக்குச் செய்வதற்கு அவர் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. தவறு அங்கேதான்.

இத்தவறு புதியதன்று. இங்கிலாந்தில் பேடன் பவல் 1907ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், பிரவுன்சீ என்னும் சிறு தீவிலே ஏறக்குறைய 20 சிறுவர்களைக் கூட்டிப் பாசறை நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே கலந்திருந்தனர். நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியையும் மூத்த சிறுவன் ஒருவனிடமே அவர் ஒப்படைத்தார். மறு ஆண்டு அவருடைய நூல் பகுதி பகுதியாக வெளிவந்தபோது, அதை வாசித்த சிறுவர்கள் பெரியோரின் அழைப்புக்குக் காத்திராது தாமாகவே அணி சேர்ந்தனர். பிள்ளைகள் முந்திக்கொண்டனர், அவர்களை நடத்தத் தெரிந்த பெரியோருக்கே பஞ்சம் உண்டாயிற்று.

அப்பஞ்சத்தைத் தீர்க்கவே 1919ஆம் ஆண்டு செப்டெம்பரில், இலண்டனுக்கு அண்மையிலுள்ள கில்வெல் பூங்காவில் சாரணத் தலைவர்க்கான முதலாவது பயிற்சி நடைபெற்றது. அங்கே வந்த பெரியோர்கள் சிறுவரைப் போலவே அணிகளாகப் பிரிக்கப்பட்டுக் கூடாரம் அடித்துத் தங்கினர். நன்கு வளர்ந்த மனிதர் ஒருவர், தம் அணித் தலைவர் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து, ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவப்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். சிறுவனின் இடத்தில் நின்று பார்த்தவருக்கே, எந்த இடத்தில் உதவ வேண்டும், எந்த இடத்தில் வாய் மூடி நிற்க வேண்டும் என்பது விளங்கும். பயிற்சியை நிறைவு செய்தவர் பெற்ற அடையாளம் இரண்டு சிறிய மரமணிகள் மாத்திரமே.

இலங்கையில் சாரணர் இயக்கம் 1912இல் மாத்தளையில் தொடங்கியது. எனினும் இம்முறை சாரணர்க்கு மட்டும் உரியதன்று. கிராமத்து வாசிகசாலையிலும் இரண்டு விடுமுறை நாள்களில் இதனைச் செய்து பார்க்கலாம். பயிற்சிக்கு வந்த தொண்டர்களை ஆறு ஆறு பேராகப் பிரித்து, சிறு தொகை ஒன்றைக் கையிற் கொடுத்து, மறுநாள் மாலைக்கு ஒரு விளையாட்டு நிகழ்ச்சியை ஒழுங்கு செய்யும்படி விட்டுவிட வேண்டும். பந்து போதாது, வேலை பங்கிடுவதிற் பிணக்கு எழும், கணக்கு உதைக்கும். நிகழ்ச்சி முடிந்தபின் அவற்றைப் பற்றிப் பேசும் ஒரு மணி நேரமே பயிற்சியின் உயிர்நிலை.

பெண்பிள்ளைகள் ஏன் வரவில்லை என்ற கேள்வியும் அப்போது எழுதல் வேண்டும். பெரும்பாலும் விருப்பமின்மை காரணமன்று. இருட்டிய பின் முடியும் நிகழ்ச்சியும், விளக்கில்லாத ஒழுங்கையும், முன்கூட்டித் தாய்மாரிடம் எவரும் பேசாமையுமே காரணங்களாகும். நேரத்தை நான்கு மணிக்கு மாற்றினால், வராத பலர் வருவர்.

இவற்றுள் கடினமானது கடைசிப் பாடம். அறையின் திறப்பைப் பதினாறு வயதுப் பிள்ளைகள் இருவரிடம் கொடுக்க வேண்டும். முதற் கிழமை அவர்கள் பூட்ட மறப்பர். பந்தொன்று காணாமற் போகவும் கூடும். தொண்டர் கூப்பிடு தூரத்தில் இருக்கலாம். ஆயின் திறப்பைத் திருப்பிக் கேட்கலாகாது.