பள்ளிக்குப் போகும் வழி



கல்விக்கென ஒருவர் ஒதுக்கிவைத்த பணத்தில் பிறந்த பள்ளி ஒன்றைப் பற்றி அறக்கட்டளை மேடையில் பேசுவது பொருத்தம் என்று கருதுகிறேன். ரொக்கையா சகாவத் ஹுசைன் 1880இல் வங்கத்தின் பைராபந்து கிராமத்தில் பிறந்தவர். வீட்டார் உறங்கிய பிறகு அண்ணனிடம் ரகசியமாக ஆங்கிலம் கற்றவர். பெண்கள் பள்ளிக்கென்று கணவர் ஒதுக்கியிருந்த பத்தாயிரம் ரூபாயைக் கொண்டு, அவர் மறைந்த 1909இலேயே இன்றைய பீகாரின் பாகல்பூரில் பள்ளி தொடங்கினார். குடும்பத்தில் சொத்துத் தகராறு மூண்டதால் 1911இல் கல்கத்தாவுக்குப் போய் எட்டு மாணவியரோடு மறுபடி தொடங்கினார்.

பிள்ளைகளைச் சேர்ப்பதே பெரும்பாடு. அவர்களை அழைத்து வருவது அதைவிடப் பெரும்பாடு. பெண்களை அந்நியர் பார்வையிலிருந்து மறைக்கும் கோஷா கலையக்கூடாது என்று பள்ளி வண்டியை நாலாபக்கமும் அடைத்தார்கள். உள்ளே இருட்டிலும் புழுக்கத்திலும் சிறுமிகள் வாந்தி எடுத்தார்கள், மயங்கி விழுந்தார்கள். அடைப்பைத் திறந்து திரை போட்டதும், காற்றில் திரை விலகுகிறது என்று மிரட்டல் கடிதங்கள் வந்தன. ‘அவரோதவாசினி’ என்ற நூலில் ரொக்கையாவே இதை எழுதியிருக்கிறார். அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருந்த குழந்தைகளை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

பாடத்திட்டம், ஆசிரியர், கட்டணம் பற்றி நிறையவே பேசுகிறோம். வீட்டு வாசலுக்கும் வகுப்பறைக்கும் இடைப்பட்ட பாதையில் எத்தனை பெண்களின் படிப்பு நின்றுபோகிறது என்பதை அந்த அளவுக்குப் பேசுவதில்லை.

அதே பீகாரில் 2006இல், ஒன்பதாம் வகுப்பு சேரும் மாணவியருக்கு சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுத்தார்கள். தொடக்கப்பள்ளி பெரும்பாலும் ஊருக்குள்ளேயே இருக்கும். உயர்நிலைப்பள்ளிக்குப் பக்கத்து ஊர் போகவேண்டும். வயதுக்கு வந்த பெண்ணை அவ்வளவு தூரம் தனியே அனுப்பப் பெற்றோருக்கு மனம் வராது. அண்டை மாநிலமான ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு இத்திட்டத்தின் பலனை ஆராய்ந்தவர்கள், உரிய வயதில் உயர்நிலைப்பள்ளி சேரும் பெண்கள் 32 விழுக்காடு கூடியதாகவும், ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்ததாகவும் கண்டார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். நேரம் மிச்சமானது ஒரு காரணம். பத்துப் பெண்கள் சேர்ந்து சைக்கிளில் போகும்போது வழிமறித்துச் சீண்டுகிறவனுக்குத் துணிவு வராது என்பதை நான் அதைவிடப் பெரிய காரணமாகக் கருதுகிறேன். தினமும் பார்த்துப் பார்த்து ஊர்க்கண்ணும் பழகிவிடுகிறது.

பள்ளியோடு பாதை முடிவதில்லை. தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் மாணவியருக்கு சைக்கிள் தருகிறோம். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இரண்டையும் மனமார வரவேற்கிறேன். ஆனால் பேருந்தே அபூர்வமாக வரும் மலையோர ஊர்களில், மகள் என்ன படிக்கலாம் என்பதை மதிப்பெண்ணைவிடக் கடைசிப் பேருந்துதான் முடிவு செய்கிறது. படித்து முடித்தபின் வேலைக்குப் போவதற்கும் அதே பேருந்துதான்.

அறங்காவலர்களிடம் ஒரு வேண்டுகோள். பரிசுகளும் பதக்கங்களும் தொடரட்டும். அறக்கட்டளையின் இந்த ஆண்டு வட்டித் தொகையில் ஒரு பகுதியையாவது, அப்படிப்பட்ட ஊர்களிலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவியரின் விடுதிக் கட்டணத்துக்கு ஒதுக்குங்கள்.