கார்த்திகை விளக்கும் குழந்தையின் கையும்

(திருக்கார்த்திகைத் திருநாள் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

திருமயிலையில் சிவநேசர் என்னும் வணிகர் வாழ்ந்தார். அவருடைய அருமை மகள் பூம்பாவை, மலர் கொய்யச் சென்ற இடத்தில் அரவம் தீண்டி இளம்வயதிலேயே இறந்தாள். அவளைத் திருஞானசம்பந்தப் பெருமானுக்கே உரியவளாக எண்ணியிருந்த தந்தை, அவளுடைய எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் இட்டுக் காத்து வந்தார். பின்னர் சம்பந்தர் மயிலைக்கு எழுந்தருளினார். குடத்தைக் கொண்டுவரச் செய்து பதிகம் பாடினார். பூம்பாவை உயிர்பெற்று எழுந்தாள். இது பெரியபுராணம் கூறும் வரலாறு.

அந்தப் பதிகத்தில் சம்பந்தர் எதைச் சொல்லி அவளை அழைத்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மயிலையின் விழாக்களை வரிசையாகச் சொல்லி, இவற்றைப் பாராமலே போய்விடலாமா என்னும் கருத்தில் பாடல்தோறும் வினவுகின்றார். போய்விட்ட ஒரு குழந்தையைத் திரும்ப அழைக்கும் குரலாக ஊரின் விழாக்கள் அமைந்தன.

இன்று நம் பிள்ளைகள் கல்விக்காகவும் தொழிலுக்காகவும் தொலைவான ஊர்களுக்குச் செல்கின்றனர். செல்லட்டும், உயரட்டும். ஆனால் அங்கே கார்த்திகை நாள் வரும்போது அவர்கள் நெஞ்சில் ஏதேனும் அசைய வேண்டாவா? அசைய வேண்டுமானால், அந்த நாளில் அவர்கள் கை செய்த வேலை ஒன்று அவர்கள் நினைவில் இருக்க வேண்டும். விழாவைப் பார்த்த குழந்தை அதனை மறந்துவிடக்கூடும். விழாவில் தனக்கென ஒரு பணி பெற்ற குழந்தை எளிதில் மறப்பதில்லை.

திருவண்ணாமலையைப் பாருங்கள். கார்த்திகைத் தீபத்தன்று விடியற்காலையில் பரணி தீபம் ஏற்றப்படுகிறது. மாலை 6 மணியளவில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்கள் மட்டுமே வெளியே எழுந்தருளிக் காட்சி தருகின்றார். அவ்வேளையில் 2,668 அடி உயர மலையின் உச்சியில், கொப்பரையில் நெய்யும் திரியும் இட்டு மகாதீபம் ஏற்றப்படுகிறது. அத்தீபம் 11 நாள்கள் சுடர்விடுகிறது. அதனை ஏற்றும் பணி பர்வதராஜ குலத்தாருக்கு உரியது. தந்தைக்குப் பின் மகன், அவனுக்குப் பின் அவன் மகன் என்று மலையேறி வருகின்றனர். அவர்களுக்குப் பெருமை தருவது அந்தப் பணியே. ஒரு மரபு தலைமுறை கடந்து நிற்கும் முறை இதுதான். மலையில் நடப்பதை நம் வீட்டு வாசலிலும் சிறிய அளவில் நடத்தலாம்.

எங்கள் வீட்டில் அத்தகைய வழக்கமே இல்லையே என்று சிலர் வருந்துவர். வழக்கம் என்பது என்றோ ஒருவர் தொடங்கியதுதான். இவ்வாண்டு நீங்கள் தொடங்கினால், உங்கள் பெயர்த்திக்கு அது தொன்றுதொட்டு வந்த வழக்கமாகிவிடும்.

எப்படித் தொடங்குவது? முதல் நாளே புதிய அகல்களைக் குழந்தையிடம் கொடுத்துத் தண்ணீரில் ஊறப்போடச் சொல்லுங்கள். ஊறிய அகலைத் துடைத்து உலர்த்தினால் மண் எண்ணெயை அதிகம் உறிஞ்சாது. ஏன் ஊறவைக்கிறோம் என்று குழந்தை கேட்கும், காரணத்தைச் சொல்லுங்கள். பஞ்சைத் திரியாகத் திரிக்கக் கற்றுக்கொடுங்கள். முதல் பத்துத் திரிகள் கோணலாகத்தான் இருக்கும். அவற்றையே ஏற்றுங்கள். பொரி உருண்டை பிடிக்கும்போது பாகு சுடும். அதனைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஏலக்காய் பொடிப்பதும், உருண்டைகளை எண்ணி அடுக்குவதும் பிள்ளைகளின் பொறுப்பாகட்டும். தென்மாவட்டங்களில் பனையோலையில் மாவை வைத்து ஓலைக் கொழுக்கட்டை அவிப்பார்கள். ஓலையைக் கட்டும் வேலை சிறுவர்களுக்கு மிகவும் பிடித்தமானது.

விளக்கு வைக்கும் இடத்தையும் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். நம் முன்னோர் வாசலிலும் மாடத்திலும் மட்டுமா வைத்தனர்? கிணற்றடியிலும் மாட்டுத் தொழுவத்திலும் குப்பைமேட்டிலும் கூட ஒரு விளக்கு வைத்தனர். ஆண்டு முழுவதும் நமக்கு உதவும் எந்த இடமும் அன்று இருளில் இருத்தல் ஆகாது என்பது அதன் கருத்தாகக் கொள்ளத்தக்கது. அடுக்குமாடிக் குடியிருப்பில் தொழுவத்திற்கு எங்கே போவது? காவலாளி அமரும் இடம் இருக்கிறது. தண்ணீர் இறைக்கும் மோட்டார் அறையின் வாசல் இருக்கிறது. தனியே வாழும் பக்கத்து வீட்டுப் பாட்டியின் கதவு இருக்கிறது. அங்கெல்லாம் ஒரு விளக்கை எடுத்துச் செல்லும்போது, அறம் என்னும் சொல்லுக்குப் பொருள் குழந்தைக்குத் தானே விளங்கும்.

கார்த்திகை நாள் பெரும்பாலும் வேலை நாளாகவே வருகிறது. பிள்ளைகளுக்குத் தேர்வும் நெருங்கியிருக்கும். ஆகையால் செய்வதைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள். நூறு விளக்கு ஏற்றி மறு ஆண்டு கைவிடுவதைக் காட்டிலும், ஐந்து விளக்கை ஆண்டுதோறும் தவறாமல் ஏற்றுவது மேலானது. அண்ணாமலைத் தீபத்தைத் தொலைக்காட்சியில் நேரலையாகத் தரிசித்து, உடனே தம் இல்லத்து விளக்கை ஏற்றும் குடும்பங்கள் பல உண்டு. அதுவும் நல்ல வழக்கமே. தரிசித்தபின் பெட்டியை அணைத்துவிட்டு வாசலுக்கு வாருங்கள்.

இங்கே பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கார்த்திகை மழைக்காலம். காற்றில் விளக்கு அணையும். குழந்தையின் கை தவறி அகல் உடையும், எண்ணெய் கோலத்தின்மேல் சிந்தும். அப்போது, நல்ல நாளும் அதுவுமாக இப்படிச் செய்துவிட்டாயே, அபசகுனம் என்று கடிந்துகொள்ளாதீர்கள். அந்த ஒரு சொல் போதும். அடுத்த ஆண்டு அக்குழந்தை விளக்கின் பக்கமே வராது. அணைந்ததை மீண்டும் ஏற்றலாம். உடைந்த அகலுக்கு மாற்று அகல் உண்டு. சுருங்கிய பிள்ளை மனத்தை மலரச் செய்வதுதான் அரிது. இறைவன் நம்மிடம் எதிர்பார்ப்பது பிழையற்ற கையை அன்று, அன்புள்ள கையை.

நெருப்போடு பழகும் நாள் ஆதலால் கவனமும் வேண்டும். பருத்தி ஆடை உடுத்துங்கள். ஒரு வாளி நீர் அருகில் இருக்கட்டும். மாடிப்படியில் விளக்கை வைத்துவிட்டு ஆளில்லாமல் விடாதீர்கள். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கிப் பொடித்து, துணியில் சுற்றி, பனை மட்டைகளின் இடையே கட்டிச் சுழற்றும் மாவலியை இன்றும் சில ஊர்களில் காணலாம். அதனைத் திறந்த வெளியில் பெரியவர்கள் சுழற்ற, பொறிகள் பூப்போலச் சிதறுவதைப் பிள்ளைகள் விலகி நின்று காணட்டும்.

துயரம் நேர்ந்த ஆண்டில் வீட்டில் விழா இராது. அப்போதும் பிள்ளைகளிடம் காரணத்தை மறைக்க வேண்டா. இவ்வாண்டு தாத்தாவை நினைத்துக் கோயில் விளக்கை மட்டும் வணங்கி வருவோம் என்று சொல்லி அழைத்துச் செல்லுங்கள். மகிழ்ச்சியைப் போலவே துயரத்தையும் ஒரு குடும்பம் சேர்ந்து சுமக்கும் என்பதை அவர்கள் அறியட்டும்.

பெருமக்களே! இன்று மாலை இல்லம் திரும்பியதும் முதல் விளக்கை நீங்கள் ஏற்றாதீர்கள். வீட்டின் இளைய குழந்தையை அழையுங்கள். அதன் பிஞ்சுக் கையை உங்கள் கையால் தாங்கிப் பிடித்து அந்த முதல் விளக்கை ஏற்றச் செய்யுங்கள். அண்ணாமலையாரும் உண்ணாமுலையம்மையும் உங்கள் இல்லங்களில் ஒளியாய் நிறைந்து அருள்புரிய வேண்டி, இந்த அளவில் நிறைவு செய்கிறேன்.