வளையல் ஏறவில்லையா?



இன்று ஒரு நோயைப் பற்றிப் பேசப் போகிறேன். இது நிறையப் பேருக்கு வருவதில்லை. ஆனால் வந்தவர்களுக்கே அது வந்தது தெரிவதில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிகிறது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது நாற்பது. கல்யாணத்தில் போட்ட வளையல் இப்போது கையில் ஏறவில்லை. மோதிரம் கழலவில்லை. ஆறாம் எண் செருப்பு போட்டவர் எட்டாம் எண் கேட்கிறார். மூக்கும் உதடும் தடித்துவிட்டன. கீழ்த்தாடை முன்னே வந்துவிட்டது. பற்களுக்கு இடையே சந்து விழுந்திருக்கிறது. குரலும் கட்டையாகிவிட்டது. அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள்? "உடம்பு நன்றாகத் தேறிவிட்டது" என்கிறார்கள்!

உடம்பு பருத்தாலும் மோதிரம் இறுகும், உண்மைதான். ஆனால் பருமனால் தாடை முன்னே வராது. பல் விலகாது.

இதற்குக் காரணம் என்ன? நம் மூளைக்கு அடியில் ஒரு சுரப்பி இருக்கிறது. பட்டாணி அளவுதான். அதன் பெயர் பிட்யூட்டரி. வளர்ச்சி ஹார்மோன் அங்கேதான் சுரக்கிறது. சிறு வயதில் நம்மை உயரமாக்குவது அதுதான். சிலருக்கு அந்தச் சுரப்பியில் ஒரு கட்டி வருகிறது. அது பெரும்பாலும் புற்றுநோய்க் கட்டி அல்ல. ஆனால் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. பெரியவர்களின் எலும்பு இனி நீளாது. ஆகவே தடிக்கிறது. இந்த நோய்க்கு அக்ரோமெகலி என்று பெயர். 1886-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் பியேர் மரீ இந்தப் பெயரை வைத்தார்.

முகம் மாறுவது மட்டும் என்றால் நான் இவ்வளவு பேச மாட்டேன். உள்ளே நடப்பதுதான் ஆபத்து.

இந்த ஹார்மோன் கூடினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. சர்க்கரை நோய் வருகிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. இதயத்தின் சுவர் தடிக்கிறது. நாளாக ஆக இதயம் களைத்துப் போகிறது. கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. பலர் சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, முட்டி வலிக்கு ஒரு தைலம் என்று காலம் தள்ளுகிறார்கள். வேர் ஒன்றுதான் என்று யாரும் பார்ப்பதில்லை.

நாக்கும் தொண்டையும் தடிப்பதால் குறட்டை பலமாக வரும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். பக்கத்தில் படுப்பவர்தான் இதைச் சொல்ல முடியும். இரவில் கை மரத்துப் போகும். வியர்வை அதிகம் இருக்கும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்று போகலாம். பெருங்குடலில் சதை வளரவும் கூடும். அதையும் பரிசோதிக்க வேண்டும்.

கட்டி பெரிதானால் கண் நரம்பை அழுத்தும். நேரே பார்ப்பது தெரியும். பக்கவாட்டில் வருவது தெரியாது. நடக்கும்போது கதவு நிலையில் தோள் இடிக்கும். தலைவலியும் சேர்ந்து இருந்தால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள்.

"தலையைத் திறப்பார்களா?" என்று பயப்படுகிறீர்கள். பெரும்பாலும் இல்லை. மூக்கு வழியாகவே கட்டியை எடுக்கிறார்கள். தில்லி எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ. போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் இதைச் செய்கிறார்கள். கட்டி சிறிதாக இருக்கும்போதே போனால் குணமாகும் வாய்ப்பு அதிகம். மீதி இருந்தால் ஊசி மருந்து உண்டு, கதிர் சிகிச்சை உண்டு. மாதம் ஒரு முறை போடும் ஊசிக்கு விலை அதிகம். சீக்கிரம் போகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஹார்மோன் அடங்கினால் சர்க்கரையும் அழுத்தமும் பலருக்குக் குறைகின்றன. சதை வீக்கம் வடியும். தடித்த எலும்பு மட்டும் பழையபடி ஆகாது.

முதலில் அரசு மருத்துவரிடம் போங்கள். ஐ.ஜி.எஃப்.-1 என்ற ரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். தேவையானால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பார்கள். ஆயுஷ்மான் பாரத் அட்டை இருந்தால் கொண்டு போங்கள். பத்து வருடத்துக்கு முன் எடுத்த புகைப்படம் ஒன்றையும் எடுத்துப் போங்கள். வாக்காளர் அட்டையில் உள்ள பழைய படமும் போதும். மருத்துவர் அதையும் உங்கள் முகத்தையும் சேர்த்துப் பார்ப்பார்.