முறிந்த பாய்மரம்



ஓய்வுபெற்றபின் நான் பொருத்திய முதல் பிளாஸ்ரிக் கப்பல், எயார்பிக்ஸ் நிறுவனம் 1952இல் இரண்டு சிலிங்குக்கு விற்ற ‘கோல்டன் ஹைண்ட்’. பழைய பிளாஸ்ரிக் எளிதில் நொறுங்கும். பாய்க்கயிறாக நூலைக் கட்டி, இறுக்கி இழுத்தேன். நடுப் பாய்மரம் முறிந்தது. பாதியில் விட நினைத்தேன்.

அப்போது நமது தையல் வகுப்பு நினைவுக்கு வந்தது: சிக்கினால் வெட்டாதே, அவிழ். மரத்தை ஒட்டி ஒருநாள் காயவிட்டேன். நூலில் தேன்மெழுகு தடவ, பிசிர் அடங்கியது. இம்முறை தளர்வாகவே கட்டினேன். நின்றது.

1577இல் டிரேக்குடன் புறப்பட்ட ஐந்து கப்பல்களில் உலகைச் சுற்றித் திரும்பியது இது ஒன்றே. எங்கள் வகுப்பும் பல கரைகளுக்குச் சிதறியது. எங்கு ஒதுங்கினாலும், முறிந்ததை மீண்டும் நிறுத்தும் பொறுமை எங்கள் கைகளில் இருந்தது. அதைத் தந்த வகுப்பறைக்கு என் நன்றி.