எந்த மாதத்துச் சேறு?



மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் பனி கரையும் நாட்களில் ஜான்-டலோன் வீதியால் போகிறவர்களின் சப்பாத்துகளைக் கவனியுங்கள். வீதிக்குக் கொட்டிய உப்பு, கணுக்காலைச் சுற்றி வெள்ளைக் கோடாகக் காய்ந்து நிற்கும். தோளில் அது இராது. அழுக்கு தான் வந்த வழியைச் சொல்லிவிடும். மாதிரிப் போர்வீரர் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுகிற நாங்கள் இதைத்தான் அடிக்கடி மறக்கிறோம்.

பெட்டியிலிருந்து எடுத்த பொம்மை, மாப்பிள்ளைக் கோலத்தில் இருப்பதுபோல மினுங்கும். அதைப் போர்க்களம் கண்டவனாக்க, பலர் தலையிலிருந்து கால்வரை மண்ணிறத்தை அப்பிவிடுவார்கள். எந்த மண், எந்த மாதம் என்று கேட்பதில்லை.

நம்முடைய மொன்றியலின் பிளாக் வாட்ச் படைப்பிரிவையே எடுங்கள். புளூரி வீதியில் அவர்களின் படைக்கூடம் இன்றும் இருக்கிறது. 1944 ஜூலை 25 அன்று நோர்மண்டியின் வெரியேர் மேட்டை நோக்கி, வளர்ந்து நின்ற கோதுமை வயல்களுக்குள்ளால் அவர்கள் ஏறினார்கள். போனவர்கள் முன்னூறுக்கும் மேல். காயமில்லாமல் திரும்பியவர்கள் மிகச் சிலர். அந்த வீரனுக்கு வேண்டியது கோடைத் தூசி. வெளிறிய மண்ணிறத் தூளை உலர்ந்த தூரிகையால் சீருடையின் மடிப்புகளிலும், தவழ்ந்து தேய்ந்த முழங்கைகளிலும் மெல்லத் தட்டவேண்டும். பளபளப்பு கூடவே கூடாது.

அதே படைப்பிரிவு அந்த ஒக்டோபரில் ஷெல்ட் ஆற்று முகத்துவாரப் போரில், வெள்ளம் தேங்கிய நெதர்லாந்துத் தாழ்நிலங்களின் பக்கம் நின்றது. இந்த வீரனுக்குத்தான் சேறு. தூளைப் பசையோடு குழைத்துச் சப்பாத்திலிருந்து மேல்நோக்கி ஏற்றி, ஈரம் தெரியவேண்டிய இடத்தில் மட்டும் பளபளப்பு வார்னிஷ் ஒரு துளி. மேலே போகப்போக நிறம் மங்கவேண்டும்.

மற்ற வேலைகள் இருவருக்கும் ஒன்றுதான். தண்ணீராக நீர்த்த கரும்பழுப்பை ஓடவிட்டால் அது பள்ளங்களில் தங்கி நிழலாகும். பென்சில் கரியை விரலில் தொட்டுத் துவக்கின் விளிம்புகளில் தேய்த்தால், கைபட்டு வர்ணம் போன இரும்பு தெரியும். தலைக்கவசத்தின் ஓரத்தில் பஞ்சுத் துண்டால் ஒன்றிரண்டு சிராய்ப்புகள் போதும். மூன்றாவதற்கு முன் கையை நிறுத்தத் தெரிந்தவரே கெட்டிக்காரர்.

இரத்தம் பூசலாமா என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. நான் பூசுவதில்லை. யுத்தத்தை நேரில் கண்டு வந்தவர்கள் நிறைய வாழ்கிற அயல் இது. வீட்டு அலுமாரியில் அதைப் பார்க்க அவர்களுக்கு ஏன் தலையெழுத்து? முகத்தில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். கண்ணுக்குக் கீழே நீர்த்த ஊதாக் கோடு, தாடையில் சாம்பல் கலந்த நீலம். நித்திரையும் சவரமும் இல்லாத ஒருவன் வந்துவிடுவான். சேறு அதற்குப் பிறகுதான்.