பந்தாடும் திடலும் பணம் தரும் கையும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தை பேசும்படி நம்மைப் பணித்தீர்கள். விளையாட்டினால் உடல் உரம் பெறும், உள்ளம் பண்படும் என்பதைத் தாங்கள் பல மேடைகளிற் கேட்டிருக்கிறீர்கள். அதனையே மீண்டுஞ் சொல்லித் தங்கள் பொழுதைப் போக்க நாம் விரும்பவில்லை. திடலுக்கு வேலி அடைக்கவும், பந்து வாங்கவும், வெளியூருக்குப் போகும் ஆட்டக்காரனுக்குச் சோறு போடவும் பணம் வேண்டும். அந்தப் பணம் யாரிடமிருந்து வருகிறது? வந்த பணம் வந்தபின் என்ன செய்கிறது? இவ்விரு வினாக்களையே இன்று தங்கள்முன் வைக்கிறோம்.

இவற்றை ஆராய நாம் எடுத்துக்கொண்ட நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. பிற நாடுகளிற் பெரும் பந்தாட்டங்களைக் கழகங்கள் நடத்துகின்றன. அங்கேயோ, கழகங்களுக்கு நிகராகக் கல்லூரிகளும் சர்வகலாசாலைகளும் அவற்றை நடத்துகின்றன. இலட்சம் பேர் அமரும் அரங்குகளைக் கட்டி வைத்திருக்கும் சர்வகலாசாலைகள் அந்நாட்டிற் பல. ஒரு பாதையின் முடிவு எப்படியிருக்கும் என்று அறிய வேண்டுமானால், அதில் வெகுதூரம் போனவனைக் கேட்பதுதானே முறை?

தொடக்கத்தையே பாருங்கள். அமெரிக்கக் கல்லூரிகளிரண்டு தம்முள் மோதிய முதற் போட்டி 1852ஆம் ஆண்டு நியூ ஹாம்ஷயர் மாநிலத்து ஏரியொன்றில் நடைபெற்ற படகோட்டம். ஹாவார்ட் மாணவரும் யேல் மாணவரும் துடுப்புப் பிடித்தனர். அவர்களுடைய செலவை ஏற்றது கல்லூரியுமன்று, பெற்றோருமன்று. ஒரு புகையிரதக் கம்பனி. போட்டியைப் பார்க்கச் சனம் வரும், வருஞ் சனம் தன் வண்டியில் ஏறும் என்பது கம்பனியின் கணக்கு. ஆகவே, கல்லூரி விளையாட்டு வியாபாரமாகிவிட்டதே என்று இன்று வருந்துவோர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். வியாபாரம் இடையில் வந்து புகுந்ததன்று. பிறந்த அன்றே தொட்டிலை ஆட்டியது அதுதான்.

அடுத்து வந்தவர்கள் பழைய மாணவர்கள். 1903இல் எழுந்த ஹாவார்ட் அரங்குக்கு, 1879ஆம் ஆண்டில் வெளியேறிய வகுப்பினர் 100,000 டொலர் நன்கொடை அளித்தனர். மிச்சிகன் சர்வகலாசாலை 1927இல் வேறொரு வழி கண்டது. விளையாட்டுப் பகுதியை நிருவகித்த பீல்டிங் யோஸ்ட் என்பவர் 500 டொலர் பெறுமதியான கடன்முறிகள் 3,000 வெளியிட்டார். வாங்கியவர்களுக்கு வட்டியும் உண்டு. நல்ல இருக்கைகளுக்கு நுழைவுச்சீட்டுப் பெறும் உரிமையும் உண்டு. அரசாங்கத்தின் வரிப்பணத்தை நாடாமலே அவ்வரங்கு கட்டப்பட்டது. இன்று அதில் 107,000 பேருக்கு மேல் அமரலாம். சிறந்த முறையென்றே நாமும் சொல்வோம். ஆனால் ஒரு நுட்பம் உண்டு. கடன்பட்டுக் கட்டிய அரங்கு சனிக்கிழமைதோறும் நிறைய வேண்டும். நிறைய வேண்டுமானால் கல்லூரி வெல்ல வேண்டும். வெல்ல வேண்டுமானாற் பேர்பெற்ற பயிற்சியாளரைத் தேடிப்பிடிக்க வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அரசாங்க ஊழியர் எல்லாரிலும் அதிக சம்பளம் பெறுபவர் ஆளுநரல்லர், நீதிபதியல்லர், அரசாங்கச் சர்வகலாசாலையின் பந்தாட்டப் பயிற்சியாளரே!

இந்தச் சுழலிலிருந்து வெளியேறிய சர்வகலாசாலையும் உண்டு. சிக்காகோ சர்வகலாசாலை ஒருகாலத்தில் உதைபந்தாட்டத்திற் கொடிகட்டிப் பறந்தது. (அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்பது நம்மூர் ஆட்டமன்று, பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுவது.) நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரனுக்கெனக் கேடயம் ஏற்பட்ட 1935ஆம் ஆண்டில் அதனை முதன்முதற் பெற்றவர் அச்சர்வகலாசாலை மாணவரே. ஆயினும் தலைவராயிருந்த றொபேட் ஹச்சின்ஸ், கல்விக்கும் இந்த ஆரவாரத்துக்கும் பொருந்தாது என்று கருதினார். 1939இல் அவ்வாட்டமே நிறுத்தப்பட்டது. கைவிடப்பட்ட அரங்கின் படிகளுக்குக் கீழே இருந்த ஓர் ஆட்ட அறையில், 1942 டிசெம்பர் 2ஆந் திகதி, என்றிக்கோ பெர்மியின் குழுவினர் அணுவின் தொடர்வினையை முதன்முறை கட்டுப்பாட்டுடன் நிகழ்த்திக் காட்டினர். அச்சர்வகலாசாலை உதைபந்தாட்டத்தை 1969இல் மீண்டும் தொடங்கியது. ஆனால் சிறிய அளவில், கல்லூரி தாங்கும் செலவில். திடலின் ஆரவாரம் அடங்கினால் கல்லூரி அழிந்துபோகும் என்பார்க்கு இது தக்க விடை.

மூன்றாவதாக வந்த கை எல்லாவற்றிலும் பெரிது: தொலைக்காட்சி. ஒரு கல்லூரியின் ஆட்டத்தை எத்தனை முறை காட்டலாம் என்பதைத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் முன்னர் கட்டுப்படுத்தி வந்தது. 1984இல் மீயுயர் நீதிமன்றம் அக்கட்டுப்பாடு சட்டத்துக்கு முரணானது என்று தீர்த்தது. அன்றுமுதற் கல்லூரிகள் கூட்டுக் கூட்டாகச் சேர்ந்து தத்தம் ஆட்டங்களை விற்கத் தொடங்கின. ‘பெரும் பத்து’ என்ற கூட்டு 2022இற் செய்த ஏழாண்டு ஒப்பந்தம் 700 கோடி டொலருக்கு மேற்பட்டதென்று பத்திரிகைகள் எழுதின. பெயர் பத்து, 2024 தொடக்கம் உறுப்பினரோ பதினெட்டு! பசிபிக் கரையிலுள்ள லொஸ் ஏஞ்சல்சும் அத்திலாந்திக் கரையிலுள்ள நியூ ஜேர்சியும் இப்போது ஒரே கூட்டில் இருக்கின்றன. உதைபந்தாட்டத்தைப் பலர் பார்க்க வேண்டுமென்று செய்த இணைப்பு இது. அதன் பயனாகக் கரப்பந்தாடும் ஒரு மாணவி, பாட வகுப்பை விட்டு, ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர் ஆகாயத்திற் பறந்துபோய் ஆடித் திரும்புகிறாள். பணம் கொடுத்தவன் அவளைக் கேட்கவில்லை. அவள் யாரென்பதே அவனுக்குத் தெரியாது.

ஒரு நன்மையையும் மறைத்தலாகாது. உதைபந்தாட்டமும் கூடைப்பந்தாட்டமும் ஈட்டும் பணத்திலேதான் பல கல்லூரிகளில் நீச்சலும், மற்போரும், ஓட்டமும் உயிர்வாழ்கின்றன. 1972இல் வந்த சட்டமொன்று, அரசாங்க உதவி பெறும் கல்விக்கூடங்களிற் பெண்களுக்கும் சமவாய்ப்பு அளிக்க வேண்டுமென விதித்தது. அதன்பின் பெண்கள் விளையாட்டுக்கும் பங்கு கிடைத்தது. சந்தை தானாக அதைக் கொடுக்கவில்லை. சட்டம் கேட்டு வாங்கியது.

இனி நாலாவது கை. அதைப் பற்றிப் பேசவே நாம் இத்தனை தூரம் வந்தோம். அங்கே முதற்றரப் பிரிவில் 350க்கு மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. அவற்றுள் விளையாட்டினாற் செலவுக்கு மேல் வரவு காண்பவை மிகச் சில. மற்றவை குறையை எதனால் நிரப்புகின்றன? கல்லூரியின் பொது நிதியாலும், மாணவர் கட்டும் கட்டணத்தாலும் நிரப்புகின்றன. கடன்பட்டுப் படிக்கும் ஏழை மாணவன், இரவிலே கடையில் வேலைசெய்து, ஒருநாளும் அந்த அரங்கினுள் கால்வைக்காதவன், அவனும் கட்டணச் சீட்டிலுள்ள ஒரு வரியினால் அந்த ஆட்டத்துக்குப் பணங் கொடுக்கிறான். ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்சாதி கையே’ என்ற பழமொழி இதற்கே பிறந்ததுபோல் இருக்கிறது. வேர்ஜீனியா மாநிலம் 2015இல், மாணவர் கட்டணத்திலிருந்து விளையாட்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு எல்லை வகுத்துச் சட்டமியற்றியது. எல்லை வகுக்க வேண்டிய நிலை வந்ததே உண்மையை உணர்த்தும்.

வியர்வை சிந்தியவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். நெடுங்காலமாகக் கிடைத்தது படிப்புதவி மட்டுமே. 2021ஆம் ஆண்டிலேதான் ஆட்டக்காரர் தம் பெயரையும் படத்தையுங் கொண்டு பணந் தேட அச்சங்கம் இடங்கொடுத்தது. 2025 யூன் மாதத்தில் நீதிமன்றம் அங்கீகரித்த இணக்கத்தின்படி, முன்னாள் ஆட்டக்காரருக்கு ஏறக்குறைய 280 கோடி டொலர் பத்தாண்டுகளிற் கொடுபட வேண்டும். அன்றியும், 2025–26ஆம் ஆண்டுக்கு ஒவ்வொரு கல்லூரியும் தன் ஆட்டக்காரருக்கு நேரடியாக ஏறக்குறைய 2 கோடி 5 இலட்சம் டொலர் வரை பகிர்ந்தளிக்கலாம். நியாயந்தான். ஆனால் இந்தப் புதிய செலவை யார் தலையில் ஏற்றுவார்கள்? சில கல்லூரிகள் மாணவர் கட்டணத்தையே நோக்கித் திரும்பியிருக்கின்றன.

அன்பர்களே, அமெரிக்கரைப் பழிப்பதற்காக நாம் இவற்றைச் சொல்லவில்லை. நம் கல்லூரித் திடல்களுக்கும் பழைய மாணவர் பணம் வருகிறது. கடல்கடந்து வாழ்வோர் பணம் வருகிறது. போட்டி மலரில் விளம்பரம் போடும் கடைக்காரர் பணம் வருகிறது. தொகை சிறிது, இயல்பு ஒன்றே. நம் கோயில் திருவிழாக்களில் உபயகாரரைப் பார்த்திருக்கிறோம். பூசைக்கென்று கொடுக்கத் தொடங்குவார்; நாளடைவில் மேளம் எத்தனை கூட்டு, சுவாமி எந்த வாசலில் எவ்வளவு நேரம் நிற்பது என்றெல்லாம் தீர்ப்பவர் அவராகிவிடுவார். திடலுக்கும் உபயகாரர் உண்டு. அவரை வணங்கி வரவேற்போம். சுவரிலே அவர் பெயரைப் பொறிப்போம். அணியில் யார் ஆடுவது, எந்த விளையாட்டு வாழ்வது என்பதை மட்டும் அவர் கையிற் கொடாதிருப்போம்.

முன்வரிசையில் இருக்கும் இளைஞர்களே, நாளைக்குப் பழைய மாணவர் சங்கங்களில் நீங்களே அமரப்போகிறீர்கள். அன்று மூன்று காரியஞ் செய்யுங்கள். திடலுக்கு வந்த பணத்தையும் போன பணத்தையும் எல்லாரும் பார்க்கக்கூடிய இடத்தில் எழுதி ஒட்டுங்கள். பெண் பிள்ளைகளின் பங்கை அவர்கள் கேட்குமுன் ஒதுக்கிவையுங்கள். மண்டபமும் படிக்கட்டும் கட்டுவதற்கு முன், அணியில் இடங்கிடையாத பிள்ளை மாலையில் வந்து ஓடியாட ஒரு மூலை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மூலை இல்லாத திடல் எத்தனை கேடயம் வென்றாலும், அது கல்லூரித் திடலாகாது. காட்சிக் கொட்டகையே ஆகும்.